‘ஆ’ வரிசைக்குத் தண்ணீர் ஊற்றியவன்

போன வெள்ளிக்கிழமை எனக்குக் கைதட்டு விழுந்தது. நன்றாகவே விழுந்தது. அதைப் பற்றித்தான் இந்த வாரம் வெட்கத்தோடு எழுதுகிறேன்.

நான் படித்த பள்ளிக்கூடத்தில், பத்தாம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளோடு அரைமணி நேரம் கதைக்கக் கூப்பிட்டிருந்தார்கள். பத்திரிகையில் எழுதுகிற பழைய மாணவன் – அவ்வளவுதான் என் தகுதி. மேடையில் மைக், பிளாஸ்ரிக் பூ, மூடி வைத்த ஒரு கிளாஸ் தண்ணீர். முன்வரிசையில் ஆசிரியர்கள். அவர்களில் ஒருவர், எனக்கு விஞ்ஞானம் படிப்பித்த சுகிர்தா ரீச்சர். தலை பாதி நரைத்துவிட்டது. பார்வை அப்படியேதான் இருக்கிறது.

கடைசியில் கேள்வி நேரம். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பிள்ளை எழுந்தாள்.

"அண்ணை, நீங்கள் படிக்கேக்கை ஏதும் பிழை விட்டிட்டு, நீங்களாப் போய் ரீச்சரிட்டை ஒத்துக்கொண்டிருக்கிறியளோ?"

"ஓம்" என்றேன். சொன்னேன். சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். "பயந்து பயந்து ரீச்சரிட்டைப் போய், ‘அது நான்தான்’ எண்டு சொன்னனான்" என்று முடித்தேன். மண்டபமே தட்டியது. சுகிர்தா ரீச்சர் மட்டும் தட்டவில்லை.

பிறகு ஆசிரியர் அறையில் தேத்தண்ணியும் றோல்ஸும் தந்தார்கள். ரீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நல்லாக் கதைச்சீர்."

"நன்றி ரீச்சர்."

"ஆனா... ரஜீபன் எங்கை?"

கடித்த றோல்ஸைத் தட்டில் திரும்ப வைத்தேன்.

மேடையில் நான் சொன்ன கதையில் ரஜீபன் இல்லை. இப்போது அவனையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பத்தாம் வகுப்பு. வலயக் கண்காட்சிக்கு எங்கள் வகுப்பு ஒரு பரிசோதனை செய்தது. வெட்டிய தண்ணீர்ப் போத்தல்களில் பயற்றங்கன்றுகள். ‘அ’ வரிசையில் மூன்று, ‘ஆ’ வரிசையில் மூன்று. ‘அ’வுக்குத் தினமும் தண்ணீர் உண்டு. ‘ஆ’வுக்கு ஒரு சொட்டும் இல்லை. தண்ணீர் இல்லாவிட்டால் கன்றுக்கு என்ன ஆகும் என்று காட்டுவதுதான் நோக்கம். தண்ணீர் ஊற்றுவது, உயரம் அளப்பது, அட்டவணை எழுதுவது எல்லாம் ரஜீபன் பொறுப்பு. அளவுகோலைக் கண்ணுக்கு நேரே பிடித்து, மூச்சை அடக்கி அளக்கிற பொடியன் அவன்.

இதையெல்லாம் ரீச்சர் விளங்கப்படுத்திய நாட்களில் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. எங்கள் தோட்டத்தில் வெங்காயம் கிண்டி எடுக்கிற கிழமை. ஐயாவும் அம்மாவும் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைக் கண்ட முதல் ஆள் நான். ஆனாலும் வெங்காயம் நிலத்தில் இருக்கும்போது படிப்பாவது மண்ணாவது?

அடுத்த திங்கள் தொடங்கி ஒரு கிழமைக்கு வகுப்புக் கூட்டுகிற முறை எனக்கு. எல்லாருக்கும் முன்னமே போனேன். ஜன்னல் ஓரம் ஆறு கன்றுகள். மூன்று செழிப்பாக நிற்கின்றன, மூன்று தலை தொங்கிக் கிடக்கின்றன. நான் என்ன நினைத்தேன்? யாரோ ஊற்ற மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். தோட்டக்காரன் வீட்டுப் பிள்ளை வேறு என்ன நினைப்பான்?

ஊற்றினேன். அதுவும் எங்கள் முறைப்படி. வெயில் ஏறுமுன், அடியில் மட்டும், அளவாக. ஊற்றிவிட்டு மேலே காய்ந்த செம்மண்ணைத் தூவிவிட்டேன். ஈரம் பறக்காமல் இருக்க எங்கள் ஆட்கள் அப்படித்தான் செய்வார்கள். அடுத்த நாளும் ஊற்றினேன். அதற்கடுத்த நாள் வீட்டிலிருந்து ஒரு பிடி ஆட்டெருவும் கொண்டுபோய்ப் புதைத்தேன்... ஒரு கிழமை முழுக்க இப்படியே. யாருக்கும் சொல்லவில்லை. கன்றுக்குத் தண்ணீர் விட்டதை யாராவது சொல்லிக்கொண்டு திரிவார்களா?

மேலே மண் காய்ந்து கிடந்ததால் ரஜீபனுக்கு எதுவும் தெரியவில்லை. அவன் ஒழுங்காக அளந்தான். அளந்ததை ஒழுங்காக எழுதினான்.

கண்காட்சிக்கு முதல்நாள் ரீச்சர் அட்டவணையைப் பார்த்தார். பிறகு கன்றுகளைப் பார்த்தார். ‘ஆ’ வரிசை ‘அ’வை எட்டிப் பிடித்துவிட்டது.

"ரஜீபன், இதுக்குத் தண்ணி விட்டனீரோ?"

"இல்லை ரீச்சர்."

"தண்ணியில்லாமல் கண்டு வளருமோ?"

"வளர்ந்திருக்கு ரீச்சர்."

"அப்ப, கூரைக்குள்ளாலை மழை பெய்ததோ?"

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நானும் வாயைத் திறந்தேன். சொல்வதற்காக இல்லை... சிரிப்பதற்காக.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அந்தக் கன்றுகள் வாடத்தான் வைக்கப்பட்டிருந்தன என்று.  ரீச்சர் சொன்னார்: "பிழை விடுறது பரவாயில்லை. பொய் சொல்லாதையும்." திரும்பச் செய்ய நேரமில்லை. எங்கள் பரிசோதனை கண்காட்சிக்குப் போகவில்லை. ரஜீபனுக்கு ஒரு பட்டம் மட்டும் மிஞ்சியது – ‘மழை’. "டேய், மழை வாறான், குடையைப் பிடியுங்கோடா!" உயர்தரம் முடியும் வரை அதுதான் அவன் பெயர்.

அடுத்த திங்கள், பள்ளி விட்டபின், சைக்கிள் கொட்டிலில் ரீச்சரிடம் போனேன். 

"ரீச்சர், அது நான்."

"எது?"

"தண்ணி ஊத்தினது."

"ஏன் ஊத்தினனீர்?"

"வாடிப் போச்சு ரீச்சர்..."

ரீச்சர் என்னைப் பார்த்தார். சிரித்தார் போலவும் இருந்தது, அழுதார் போலவும் இருந்தது. "சரி. நாளைக்கு வகுப்பிலை சொல்லுவம். அந்தப் பிள்ளை பாவம்" என்றார்.

மேடையில் நான் நிறுத்திய இடம் இதற்குச் சற்று முன்னால். இதற்குப் பிறகு நடந்ததுதான் கதை.

"ரீச்சர், சொல்லாதேங்கோ. ஐயா அறிஞ்சால் படிப்பை நிப்பாட்டிப் போடுவார்" என்று அழுதேன்.

அது பொய். என் ஐயா அப்படியான ஆளே இல்லை. றிப்போட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால், சிவப்பு மையில் கிடப்பதைத் தடவிப் பார்த்து, "உது நல்லதோ, கூடாதோ?" என்று என்னையே கேட்கிற மனுசன். வாடின கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினேன் என்று சொல்லியிருந்தால், "பிறகென்ன, பாத்துக்கொண்டு நிக்கிறதோ?" என்றிருப்பார். நான் பயந்தது ஐயாவுக்கு இல்லை. ‘தோட்டக்காரனுக்கு விஞ்ஞானம் தெரியாது’ என்று வகுப்பு சிரிக்குமே, அதற்கு. அந்தச் சிரிப்பை ரஜீபன் தலையிலேயே விட்டுவிட்டு, படிக்காத ஐயாவின் தலையில் ஒரு பொய்யையும் ஏற்றினேன்.

ரீச்சர் யாருக்கும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை, தேத்தண்ணிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "நீர் கேட்டனீர், நானும் ஓமெண்டிட்டன். உமக்கு அப்ப பதினைஞ்சு வயசு. எனக்கு?"

 

ரஜீபன் இப்போது அரியாலையில் மோட்டார் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருக்கிறான். உயர்தரத்தில் அவன் விஞ்ஞானம் எடுக்கவில்லை. இதுதான் காரணமா? தெரியாது. கேட்கவும் எனக்குத் துணிவில்லை. அவன் நம்பரை எடுக்கப் போனைத் தேடினால், ‘ர’வில் ரஜீபன் இல்லை. ‘ம’வில் இருக்கிறான். நானே அப்படித்தான் பதிந்து வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை அவனுக்குப் போன் எடுத்தேன்.

"ஹலோ, மழை கதைக்கிறன்" என்றான். அவனே!

"மச்சான், அந்தப் பயற்றங்கண்டு..."

"அட, இன்னும் அதை விடேல்லையே நீங்கள்!"

"அதுக்குத் தண்ணி ஊத்தினது நான்."

பின்னால் இரைந்துகொண்டிருந்த எஞ்சின் நின்றது.

"நீயோ?"

"ஓம்."

"எருவும் போட்டனியோ?"

"ஆட்டெரு. ஒரு பிடி."

பெரிதாகச் சிரித்தான். "அதுதானே பாத்தன், அப்பிடி ஒரு வளத்தி! டேய், அப்பவே ரீச்சரிட்டைச் சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னனான். கண்காட்சி முடிஞ்ச கையோடை சொன்னனான். வகுப்பிலை சொல்லவேண்டாமெண்டும் நான்தான் கேட்டனான்."

சிரிப்பு நின்றது. போன் வெட்டுப்பட்டுவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். விநாடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"கொஞ்ச நாள்..." என்றான் மெதுவாக, "நானே ஊத்திப்போட்டு மறந்திட்டனோ எண்டு யோசிச்சனான். எனக்கு மறதி வருத்தமோ எண்டு அம்மாட்டையும் கேட்டனான்."

பிழை, தெரியாமல் செய்தது. அதைச் சொல்ல ஒரு கிழமைதான் எடுத்தது. தெரிந்து செய்ததைச் சொல்லப் பத்து வருசத்துக்கு மேல் எடுத்திருக்கிறது... அதற்கும் ரீச்சர் வந்து கேட்க வேண்டியிருந்தது.

"பேப்பரிலை எழுதப்போறன் மச்சான்" என்றேன்.

"எழுது. மழை எண்டு மட்டும் போட்டு விட்டிடாதை. என்ரை பேரையும் போடு. ஆக்கள் நிக்கினம், வைக்கிறன்." வைத்துவிட்டான். மன்னித்தானா? அவன் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

அவன் பெயர் ரஜீபன். அவன் அளந்தது சரி, எழுதியதும் சரி. அந்தக் கிழமை கூரைக்குள்ளால் மழை பெய்யவில்லை – ஊற்றியது நான்.