படுக்கும் இடத்தில் சிக்னல்

அந்தக் கடையில் போன் வாங்கப் போனால் விலையைச் சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி வரும். “ராத்திரி எந்த ரூம்ல படுப்பீங்க?” கேட்பவர் கடைக்காரர்தான். ஒருமுறை ஒரு டீச்சரம்மா, “உங்களுக்கு எதுக்குங்க அதெல்லாம்?” என்று எகிறிவிட்டார். மனிதர் கொஞ்சமும் அசரவில்லை. “சிக்னல் அங்கதான் வேணும் மேடம்” என்றார்.

தெருவில் அவருக்கு மிஸ்டுகால் என்றுதான் பெயர். சிம் போட்டுக் கொடுக்கும் எந்தப் போனுக்கும் தன் போனிலிருந்து ஒரு மிஸ்டுகால் கொடுப்பார். மணி அடித்தால், “ஓடுது, எடுத்துட்டுப் போங்க.” அவ்வளவுதான் அவருடைய பரிசோதனை. அது போதும் என்று வருஷக்கணக்காக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். இந்தப் படுக்கையறை விசாரணை எல்லாம் அவருடைய அக்கா விஷயத்துக்குப் பிறகு வந்தது.

அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. மாற்றுச் சிறுநீரகத்துக்காக ஆஸ்பத்திரியில் பதிந்துவிட்டுக் காத்திருந்தாள். கிடைத்தால் போன் வரும், உடனே எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். தனியாக இருப்பவள், கொடுத்திருந்ததும் ஒரே நம்பர். அவளுடைய பழைய போனோ கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. தம்பிக்கு மனசு கேட்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த பளபளப்பான போன் ஒன்றை எடுத்தார். அன்லாக்டு போன், அதாவது கம்பெனிப் பூட்டை எடுத்தது, எந்தக் கம்பெனி சிம்மையும் ஏற்றுக்கொள்ளும். அக்காவின் ப்ரீபெய்டு சிம்மை அதில் மாற்றினார், மிஸ்டுகால் கொடுத்தார். கணீரென்று அடித்தது.

“என்னடா இது, கல்யாண வீடு மாதிரி அலறுது!” என்று அக்கா சிரித்தாள். பழைய போனைக் கடை மேஜையிலேயே போட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் சாயங்காலம் சும்மா கூப்பிட்டுப் பார்த்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண்குரல் சொன்னது. மறுபடி கூப்பிட்டார், அதே குரல். பழைய போனையும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினார்.

அக்கா சாவகாசமாகப் புதுப் போனில் சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். “நல்லாத்தானே ஓடுது?” என்றாள். ஓடியது வீட்டு வைஃபையில். சிக்னல் கம்பி ஒன்றுகூட இல்லை. சிம்மைக் கழற்றிப் பழைய போனில் போட்டார், கம்பிகள் நிறைந்து நின்றன. புதியதில் போட்டார், சுத்தமாக இல்லை. அதே சிம், அதே நாற்காலி! இதென்ன கூத்து என்று, பயத்தையும் மீறி அவருக்கு ஆர்வம் பிடுங்கியது. புதுப் போனைக் கையில் ஏந்தியபடி கடைத்தெருவை நோக்கி நடந்தார். தெருமுனை அடுக்குமாடிக் கட்டிடத்தைத் தாண்டியதும் ஒரு கம்பி முளைத்தது. கடை வாசலில் எல்லாக் கம்பியும் வந்துவிட்டன.

அப்புறம்தான் போன் பெட்டியில் இருந்த பொடி எழுத்துகளைப் படித்தார். சிம் கம்பெனி இந்த ஊரில் இரண்டு அலைவரிசைகளில் சிக்னல் அனுப்புகிறது. கடைத்தெருவில் ஒன்று, அக்கா வீட்டுப் பக்கம் எட்டுவது இன்னொன்று. வேறொரு நாட்டுக்காகச் செய்த அந்தப் போனுக்கு இரண்டாவதைக் கேட்கக் காதே கிடையாது. பூட்டை எடுத்துவிட்டால் காது முளைத்துவிடுமா? இத்தனை வருஷமும் எல்லாப் போனையும் கடைக்குள் நின்றே சோதித்த மடத்தனம் அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

திரும்பி ஓடிப் பழைய போனில் சிம்மைப் போட்டார். சற்று நேரத்தில் சிம் கம்பெனியின் குறுஞ்செய்தி ஒன்று தாமதமாக வந்து விழுந்தது: எடுக்காத அழைப்பு, காலையில், ஆஸ்பத்திரி எண்ணிலிருந்து. அவரே அந்த எண்ணைக் கூப்பிட்டார். சிறுநீரகம் ஒன்று வந்ததாகவும், இவர்கள் கிடைக்காததால் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டதாகவும் சொன்னார்கள். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார்.

அக்கா வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, “அதை வாங்கினவங்க நல்லாயிருக்காங்களாமா? கேளுடா” என்றாள்.

அன்றிலிருந்து உடைந்த கண்ணாடிப் போன்தான் அவள் தலைமாட்டில். தினமும் கடை ஷட்டரைத் தூக்கும் முன் தம்பி ஒரு மிஸ்டுகால் கொடுப்பார், அவள் கட் செய்வாள். கட் ஆனால்தான் அவருக்கு மூச்சு வரும். கோடை போய் மழை வந்தது. அவள் கட் செய்துகொண்டே இருந்தாள்.

ஒருநாள் காலை அவள் லைன் பிஸி.

இந்த நேரத்தில் யாரோடு பேசுகிறாள்? பாதி தூக்கிய ஷட்டரைப் பிடித்தபடி நின்றார். மறுபடி போட்டார், பிஸி. மூன்றாவது தடவை போடுவதற்குள் அவளே கூப்பிட்டாள்.

“எதுக்குடா நடுவுல நடுவுல அடிக்கிற? ஆஸ்பத்திரிக்காரங்க பேசிட்டு இருந்தாங்க, பாதி காதுல விழல” என்று திட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “வந்துருச்சாம்டா. வண்டிய எடுத்துட்டு வா.”