எனக்குக் கிடைத்த தனி மைக்

இந்த ஜனவரியில் எனக்கு ஒரு பதவி உயர்வு கிடைத்தது. ஆபீஸில் இல்லை. அங்கே அந்தப் பழக்கமெல்லாம் நின்று பல வருடம் ஆகிறது. கோயிலில்.

கோயில் என்றால், அல்சூர் பக்கம் நாங்கள் போகிற மாதா கோயில். அங்கே ஞாயிறு காலைத் தமிழ்ப் பூசையில் பாடும் குழுவில் நானும் ஒருவன். இருபத்திரண்டு வருடமாகப் பாடுகிறேன். ஆண்கள் பக்கம் இரண்டு பேருக்கு ஒரு மைக். என் மைக்கில் பாதி லூர்துசாமிக்கு. அவன் எலெக்ட்ரிகல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகன் சந்தாபுராவில் வீடு கட்டியதும் அங்கே போய்விட்டான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பஸ், மெட்ரோ என்று மாறி மாறி வந்து, எங்கள் பாதி மைக்கில் பாடிவிட்டுத்தான் டிபனுக்குப் போவான்.

பூசையில் முதல் வாசகம் முடிந்ததும் ஒரே ஒருவர் முன்னால் போய் நின்று பதிலுரைப் பாடல் பாடுவார். ஜனங்கள் பதில் பாடுவார்கள். அதற்கென்று தனி ஸ்டாண்ட்... தனி மைக். பத்து வருடமாக அதைப் பாடி வந்தவன் லூர்து. ஜனவரியில் ஒருநாள் பாட்டு மாஸ்டர் இருதயராஜ் என்னைக் கூப்பிட்டு, “இனிமே அதை நீங்க பாடுங்க. மத்த பாட்டையும் அந்த மைக்லயே பாடிடுங்க” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போய் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். என் மனைவி ஒரு நிமிடம் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, “நல்லது” என்றாள். அவ்வளவுதான்.

அதற்கு முன்னாலேயே லூர்து கொஞ்சம் மாறியிருந்தான். கிறிஸ்துமஸ் ப்ராக்டிஸில் அரை அடி தள்ளி நின்றான். அப்புறம் ஒரு அடி. நான் அவன் பக்கம் திரும்பிப் பாடினால் அவன் கீபோர்ட் பக்கம் திரும்பிப் பாடினான். எனக்குத் தனிப்பாட்டு வந்த பிறகு, “காதுல என்னமோ மாதிரி இருக்குது, ஸ்பீக்கர் பக்கம் நிக்க முடியல” என்று சொல்லி எதிர்க்கோடிக்கே போய்விட்டான்.

நான் என்ன நினைப்பேன்? நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்? பொறாமை. வேறென்ன? இத்தனை வருட சிநேகிதம் ஒரு பாட்டுக்குத் தாங்கவில்லையே என்று நொந்துகொண்டேன். நொந்துகொண்டால் மட்டும் போதுமா? பதிலுக்கு ஏதாவது செய்ய வேண்டாமா?

செய்தேன். பிப்ரவரியில் அவன் மகளுக்கு நிச்சயதார்த்தம். வீட்டுக்கு வந்து பத்திரிகை வைத்துவிட்டுப் போனான் — வாசல் கதவுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு. அதுவும் எரிச்சலாக இருந்தது. நான் போகவில்லை. ஸ்டெல்லாவை மட்டும் அனுப்பினேன். ஜுரம் என்று சொல்லச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது பக்கத்தில் நின்றவன் நான்.

தவக்காலம் வந்தது. ஈஸ்டருக்கு முன்னால் ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வது எங்கள் வழக்கம். மரப் பலகைக்கு நடுவே ஒரு சல்லடைத் தட்டி. இந்தப் பக்கம் நான் முழங்காலில். அந்தப் பக்கம் காதைக் கொடுத்தபடி ஃபாதர். அவர் புதிதாக வந்தவர், சின்ன வயது, கிருஷ்ணகிரி பக்கம். நான் உள்ளே சொன்னதை அவர் உயிர் போனாலும் வெளியே சொல்லக் கூடாது. ஆனால் நான் சொல்லலாம். சொல்கிறேன்.

“ஒரு சிநேகிதன் மேல மனசுல வர்மம் வெச்சிருக்கேன் ஃபாதர். அவன் வீட்டு விசேஷத்துக்குப் பொய் சொல்லிட்டுப் போகல.”

“என்ன காரணம்?”

“அவனுக்குப் பொறாமை. என் பக்கத்துலயே நிக்க மாட்டேங்கறான்.”

“பேசறதும் இல்லையா?”

“போன்ல நல்லாப் பேசறான் ஃபாதர். தினம் வாட்ஸ்அப்ல குட்மார்னிங் அனுப்பறான்.”

“ஓ... நேர்ல பாத்தா மட்டும்தான் தள்ளிப் போறாரு?”

“ஆமா ஃபாதர்.”

அந்தப் பக்கம் நாற்காலி மெல்ல நகர்ந்தது. பின்பக்கமாக.

“ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?” என்றார் ஃபாதர். “அபராதமா மூணு அருள் நிறைந்த மரியே சொல்லுங்க. அந்த சிநேகிதரைப் போய்ப் பாருங்க. அதுக்கு முன்னால... ஒரு பல் டாக்டரைப் பாருங்க.”

எனக்குப் புரிய இரண்டு நொடி ஆனது. புரிந்ததும் காது, கன்னம் எல்லாம் சூடானது. பாவத்தைச் சொன்னபோதுகூட அவ்வளவு வெட்கமாக இல்லை. எழுந்து போனால் வரிசையில் நிற்கும் பத்துப் பேர் என் முகத்தைப் பார்ப்பார்களே என்று, பாவமன்னிப்பு மந்திரம் முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே முழங்காலில் இருந்தேன். ஃபாதர்தான் கனைத்து அனுப்பி வைத்தார்.

வெளியே வந்து, உள்ளங்கையில் ஊதி மோந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. நம் வாய் நமக்கு நாறாது — இதுதான் இந்தக் கோளாறில் இருக்கிற பெரிய சங்கடம். கொரோனா காலம் ஞாபகத்துக்கு வந்தது. அப்போது மூன்று வகை மாஸ்க் மாற்றினேன். மூன்றும் நாறின. மாஸ்க் செய்கிறவர்களுக்குத் தரம் பற்றிய அக்கறையே இல்லை என்று அப்போது பத்திரிகையின் இந்தப் பக்கத்திலேயே எழுதியும் இருக்கிறேன். அவர்களிடம் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டுக்குப் போய் ஸ்டெல்லாவிடம் நேரடியாகக் கேட்டேன். “என் வாய் நாறுதா?”

அவள் பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தவில்லை. “கொரோனாலேர்ந்தே. இந்த ஒரு வருஷமா ரொம்ப.”

“சொல்லக் கூடாதா?”

“நைட்டு பல் தேய்ங்கன்னு எத்தினி வாட்டி சொன்னேன்? நான் என்ன ஸ்கூல் பையனான்னு கேட்டீங்க. சட்டைப் பையில ஏலக்காய் போட்டு அனுப்பினேன். அதை எடுத்து டீயில போடச் சொல்லித் திருப்பிக் குடுத்தீங்க. இதுக்கு மேல எப்படிங்க சொல்றது?”

நியாயம்தான். நாட்டில் மனிதர்கள் எதை வேண்டுமானாலும் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். குண்டாகிவிட்டாய், முடி கொட்டிவிட்டது, பையனுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை... இந்த ஒன்றை மட்டும் சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை.

ஃபாதர் பல் டாக்டர் என்று தெளிவாகத்தான் சொன்னார். நான் கேட்டேனா? நமக்குத்தான் எல்லா வைத்தியமும் தெரியுமே. வாய் நாறுகிறது என்றால் வயிற்றில் சூடு. ஒரு வாரம் காலையில் இளநீர், மத்தியானம் மோர், ராத்திரி ஊறவைத்த வெந்தயம். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். உடம்பு ஜில்லென்று ஆகி, சளி பிடித்தது. ஸ்டெல்லா முகத்துக்கு நேரே ஊதிக் காட்டினேன். “அப்படியேதான் இருக்குது. இப்ப தைல வாசனையும் சேந்துக்கிச்சு” என்றாள்.

பல் டாக்டரிடம் போகாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடும் என்று என் பெரியப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஊரில் பாதிப் பேர் இதை நம்புகிறார்கள். மீதிப் பேர் நம்புவதாகச் சொல்லிக்கொண்டு மெஷின் சத்தத்துக்குப் பயப்படுகிறார்கள். நான் இரண்டிலும் உண்டு.

கடைசியில் ஸ்டெல்லாவே ஜோகுபாளையத்தில் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கும் பல் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனாள். கன்னடக்காரம்மா. ஆனால் இந்தப் பக்கத்தில் கடை வைத்தால் தமிழ் தானாக வந்துவிடும்.

“பாயி தெகீரி... வாய் தொறங்க. இன்னும் ஸ்வல்ப.” லைட்டை அடித்துப் பார்த்தார். “இந்த கடைவாய்ப் பல்லு மேல உறை மாதிரி கேப் போட்டு எஷ்டு வருஷ ஆச்சு?”

விரலைக் காட்டினேன். இரண்டு கையும் போதவில்லை.

“ம்ம். கேப் ஓரம் விட்டுப்போய் சாப்பாடு உள்ள போய் உக்காந்திருக்கு. சுத்தி ஈறுல சீழ். பல்லு பூரா காரை. க்ளீனிங் பண்ணதே இல்லையா?”

“பண்ணா பல் ஆடும்னு...”

“ஆடறது க்ளீனிங்கால இல்ல சார். காரையை இப்படியே விட்டா ஈறு கீழ இறங்கிடும். அப்ப ஆடும்.”

“வயித்துச் சூடு இல்லையா?” என்று ஒரு கடைசி ஆசையில் கேட்டேன்.

“வயித்தை எல்லாரும் சும்னே திட்றாங்க. பெரும்பாலும் வாய்லதான் இருக்கும். அதுல குணமாகலன்னா மூக்கு, தொண்டை பாக்கலாம். ஆனா ஒண்ணு, முன்னாடியே வந்திருக்கலாம். இதுல நாச்சிகை ஏன்? நாங்க தினம் இதுதானே பாக்கறோம்.”

நாச்சிகை என்றால் கன்னடத்தில் வெட்கம். தினம் இதே வேலையாக இருக்கிற ஒருவர் எதிரில் உட்கார்ந்ததும் அது எங்கே போனதென்று தெரியவில்லை. மூன்று தடவை போனேன். மெஷின் சத்தம் பயமாகத்தான் இருந்தது, வலி அவ்வளவாக இல்லை. பழைய கேப்பைக் கழற்றி, ஈறு ஆறியதும் புதிதாகப் போட்டார். பழையதை வெளியே எடுத்தபோது அறையில் கிளம்பிய நாற்றம் எனக்கே தெரிந்தது. பாவம் லூர்து என்று முதல்முறையாக அப்போதுதான் தோன்றியது. ராத்திரியும் பல் தேய்க்க வேண்டும், நாக்கை வழிக்க வேண்டும், பல் இடுக்கில் நூல் விட்டு எடுக்க வேண்டும். ஐம்பத்தாறு வயதில் ஸ்கூல் பையனாகவே ஆகிவிட்டேன். பாதகமில்லை.

மூன்றாவது வாரம் ஸ்டெல்லாவிடம் ஊதிக் காட்டினேன். “போங்க” என்றாள். “சந்தாபுராவுக்குப் போய்ட்டு வாங்க.”

போனேன். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். லூர்து கதவைத் திறந்தான். பழக்கதோஷத்தில் ஒரு அடி பின்னால் போனான். ஒத்திகை எல்லாம் மறந்துவிட்டது.

“டாக்டர்கிட்ட போயிட்டு வந்துட்டேன்டா” என்றேன். “வாய்க்கு.”

அவன் என்னையே பார்த்தான். கிட்டே வந்தான். முகத்தை முகத்துக்கு நேரே கொண்டுவந்து, “ஊது” என்றான்.

ஊதினேன். கண்ணை மூடிக்கொண்டு மோந்தான், கல்யாண வீட்டில் சாம்பார் பதம் பார்க்கிற மாதிரி.

“காலைல பூண்டு ஊறுகாயா?”

“ஆமா.”

“அது மட்டும்தான் வருது. உள்ள வாடா.”

உள்ளே போய் உட்கார்ந்ததும் நிச்சயதார்த்தத்துக்கு வராததற்கு மன்னிப்புக் கேட்டேன். ஜுரமெல்லாம் இல்லை, உனக்குப் பொறாமை என்று நினைத்துவிட்டேன் என்று ஒளிக்காமல் சொன்னேன். அவன் ஃபேனைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

“அன்னிக்கு வாசலையே பாத்துனு இருந்தேன்டா. மோதிரம் மாத்தற நேரத்தைக்கூட கால் மணி தள்ளி வெச்சேன். ஸ்டெல்லா மட்டும் வந்து எறங்கினாங்க.”

அழுதேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

“நேராச் சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல?” என்றேன்.

“எப்படிச் சொல்றது? உனக்கு முன்கோபம். பாட்டையே விட்டுட்டுப் போயிடுவ. பக்கத்துலயும் நிக்க முடியல, நீ போகவும் கூடாது. என்ன பண்றதுன்னு மாஸ்டரைக் கேட்டேன். அவருக்கும் தெரிஞ்சிருந்தது. தனி மைக் இருக்கற எடம் ஒண்ணே ஒண்ணு. அப்ப அதை அவனுக்கே குடுத்துடுங்கன்னு நான்தான் சொன்னேன்.”

அதாவது... என் குரலுக்குக் கிடைத்தது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த பதவி, என் வாய்க்குக் கிடைத்தது. அதற்காக அவன் பத்து வருடம் பாடிய பாட்டை விட்டுக்கொடுத்திருக்கிறான். அவனைத்தான் நான் பொறாமைக்காரன் என்று சாமியிடமே புகார் சொல்லியிருக்கிறேன்.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். பதிலுரைப் பாடலை லூர்து பாடினான். கேட்டபோது வித்தியாசம் எனக்கே தெரிந்தது. பாடிவிட்டுத் திரும்பி வந்து பாதி மைக்கில் என்னை ஒட்டி நின்றான். காது நன்றாகிவிட்டதாம்.

பூசை முடிந்து வாசலில் ஃபாதர் நின்றிருந்தார். நன்றி சொல்லலாம் என்று, “ஃபாதர், பல் டாக்டரைப் பாத்துட்டேன்” என்றேன்.

“அப்படியா? பல்லுக்கு என்ன?” என்றார், ஒன்றுமே தெரியாத முகத்துடன். ரகசியம் காப்பதென்றால் அப்படிக் காக்க வேண்டும். ஆனால் கைகொடுக்கும்போது நன்றாகக் கிட்டே வந்து நின்றார். எனக்கு அது போதும்.

உங்களையும் யாராவது காரணமில்லாமல் திடீரென்று உயர்த்தி, தனி இடத்தில் உட்கார வைத்தால் தாராளமாகச் சந்தோஷப்படுங்கள்... அதற்கு முன்னால் ஒரு நல்ல சிநேகிதனைத் தேடிப்போய், முகத்துக்கு நேரே ஒரு தடவை ஊதிக் காட்டிவிடுங்கள்.