காகத்துக்கு வைத்த சோறும் நரியும்

2009ஆம் ஆண்டு. என் கணவரின் அப்பா வன்னியில் இறந்துபோன செய்தி வந்தது. அதன் பிறகு வெளிநாட்டில், எங்கள் மனோர் பார்க் வீட்டில், கணவர் தினமும் காகத்துக்குச் சோறு வைக்கத் தொடங்கினார். அமாவாசைக்கு மட்டும் வைத்தால் அவர் மனம் ஆறவில்லை. வீட்டுக்குப் பின்னாலுள்ள வளவில் தட்டை வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போய்விடுவார். திரும்பி வரும்போது தட்டு வெறுமையாகக் கிடக்கும். அப்பா வந்து சாப்பிட்டுவிட்டார் என்று நிம்மதிப்படுவார். காகமா சாப்பிட்டது? இந்த ஊர்த் தெருவெல்லாம் திரியும் நரி! சோறு கண்ட இடம் சொர்க்கம் என்று அது எங்கள் பூச்செடிகளுக்குள்ளேயே படுத்துக் கிடந்தது.

நான் சொன்னால் சிரிப்பார்.

"நரி முகத்தில முழிச்சால் யோகமெல்லோ!"

நல்ல யோகம்! ஒருநாள் வெக்கைக்காகப் பின்கதவைத் திறந்து வைத்திருந்தேன். மாடியிலிருந்து இறங்கி வந்தால் குசினிக்குள், அடுப்படியில், நரி நிற்கிறது. தவழத் தொடங்கியிருந்த என் மகள் கையில் பிஸ்கட்டோடு நிலத்தில் இருக்கிறாள். அவள் எட்டினால் தொட்டுவிடுவாள். சட்டிமூடியை எடுத்து மேசையில் ஓங்கி அடித்தேன்.

"போ வெளியில!"

நரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் வெளியே போனது. ஓடியிருந்தால்கூட நான் இவ்வளவு பயந்திருக்கமாட்டேன்.

அவர் வேலையால் வந்ததும் சொன்னேன்.

"இனி வளவில சோறு வைக்க ஏலாது."

"அப்பாவுக்கு வைக்கிற சோத்தை நிப்பாட்டச் சொல்லுறீரோ?"

அவர் குரல் உடைந்தது. எனக்கும் அழுகை வந்தது. ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

"வையுங்கோ. காகம் தின்னுமட்டும் பக்கத்திலயே நில்லுங்கோ. மிச்சத்தை உள்ள கொண்டு வாங்கோ. ஏலாதெண்டால் வைக்காதேங்கோ."

அன்றிலிருந்து பின்கதவு பூட்டியே இருந்தது, வெக்கையில் அவிந்தாலும் சரி. குப்பைவாளி மூடிமேல் கல்லைத் தூக்கி வைத்தேன்.

ஆடி அமாவாசை வந்தது. காகம் சாப்பிடாமல் அவர் விரதம் முடிக்கமாட்டார். சோற்றை மதில்மேல் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று "கா, கா" என்று கூப்பிட்டார். காகம் வரவில்லை. வேலியடியால் நரிதான் வந்தது. கையைத் தட்டி, காலை நிலத்தில் அடித்து, தெருவுக்கே கேட்கக் கத்தினார். நரி பாய்ந்தோடியது.

இன்னும் கொஞ்சநேரம் நின்று பார்த்தார். பிறகு தட்டை உள்ளே கொண்டுவந்து, கதவைப் பூட்டி, மகளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட மேசையில் வந்து இருந்தார்.

"காகம் இன்னும் சாப்பிடேல்லையே," என்றேன்.

"சோத்தைப் போடும். பேத்தியை நரிக்கு முன்னால விட்டிட்டு அப்பா சாப்பிட வருவாரோ?"