பொறுக்கி வகுப்பு

அந்த வகுப்புக்கு அதிகாரிகள் வைத்த பெயர் நீளமானது, வாயில் நுழையாதது. அறுபதுகளின் நடுவில் ஒரு வருஷம், செஞ்சிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் ஐந்தாவது படிக்கும் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பரீட்சை வைத்துப் பொறுக்கி எடுத்து, சாயங்காலத்தில் தனியாகப் பாடம் சொல்லிக்கொடுப்பது என்று ஏற்பாடு. பொறுக்கி எடுத்த பிள்ளைகள் வகுப்பு என்று சொல்ல ஆரம்பித்த ஊர், மூன்றாம் நாளே அதைப் பொறுக்கி வகுப்பு ஆக்கிவிட்டது. அதில் மகள் பெயரும் வந்ததற்காக என் நைனா தன் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கல்கண்டு கொடுத்தார்.

பரீட்சையில் முதலாவதாக வந்தது நான் இல்லை. கோட்டையடியில் பயிர் வைக்கும் ஒருவருடைய மகள். சந்தை நாளில் அவள் தன் அப்பாவோடு எங்கள் மளிகைக் கடைக்கு வருவாள். பெரியவர்கள் சாமான் வாங்கி முடிப்பதற்குள் நாங்கள் பருப்பு மூட்டைமேல் உட்கார்ந்து மனக்கணக்குப் போடுவோம். நான் விரலை மடக்கி முடிப்பதற்குள் அவள் விடையைச் சொல்லிவிட்டுக் காலை ஆட்டிக்கொண்டிருப்பாள். எனக்குப் பொறாமை வந்திருக்க வேண்டும். வரவில்லை. தினமும் அவளோடு ஒரே பலகையில் உட்கார வேண்டும் என்ற ஆசைதான் வந்தது. வாரத்துக்கு ஒரு நாள் எனக்குப் போதவில்லை.

வாத்தியார் ஒருவர்தான் என்பதால் வகுப்பும் ஒரே இடத்தில்தான். கடைவீதிப் பள்ளியா, கோட்டையடிப் பள்ளியா? இரண்டுக்கும் நடுவே இரண்டு மைல். பெற்றவர்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள். எங்கள் பிள்ளைகள் வெயிலில் நடந்து பழகியதில்லை என்றார்கள் கடைவீதிக்காரர்கள். எங்கள் பெண்பிள்ளைகள் இருட்டில் எப்படித் திரும்பும் என்றார்கள் கோட்டையடிக்காரர்கள். நைனா எழுந்து, மலையேறிப் பழகிய பிள்ளைகளுக்கு இந்த இரண்டு மைல் எம்மாத்திரம் என்றார். ஏன், கெட்டிக்காரப் பிள்ளைக்குக் கால் இருக்காதா என்று எதிர்ப்பக்கத்தில் ஒருவர் கேட்டார். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கொண்டாட்டம் எங்களுக்குத்தான், மூன்று நாள் பாடமே நடக்கவில்லை.

கடைசியில் கூட்டத்திலிருந்த ஆட்டுக்காரர் ஒருவர் வழி சொன்னார். மேய்ச்சல் எல்லையில் தகராறு வந்தால் அவர்கள் அப்படித்தான் தீர்த்துக்கொள்வார்களாம். இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் ஒவ்வொருவர் கிளம்ப வேண்டும். சந்திக்கிற இடம் எல்லை. அதைப் போலவே பக்கத்துக்கு ஒரு பிள்ளையை அனுப்பிப் பார்ப்பது, எந்தப் பள்ளிக்குக் கிட்டே சந்திக்கிறார்களோ அங்கே வகுப்பு. நடக்க முடிந்த பக்கம் நடக்கட்டும். எல்லாரும் தலையாட்டினார்கள். அறிவுக்கென்று வைக்கிற வகுப்பைக் காலால் முடிவு செய்கிறோமே என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள்.

கிளம்பும்போது நைனா குனிந்து என் காதில் சொன்னார்.

"மெதுவா போ கண்ணு. முள்ளு குத்துனா மாரி நட. நடுநடுவுல உக்காந்துக்கோ. இன்னா, புரியுதா?"

ரைஸ்மில் சங்கு இரண்டு பக்கமும் கேட்கும். அது ஊதியதும் கிளம்பினேன். சாட்சிக்கு எங்கள் பள்ளி வாத்தியார் ஒருவர் பின்னால் வந்தார். கடைவீதி முடிந்ததும் ஒரு மதகு உண்டு. அதன் கட்டையில் உட்கார்ந்து, குத்தாத நெருஞ்சி முள்ளை வெகுநேரம் பிடுங்கினேன். வாத்தியார் வேறு பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டார். அவரும் கடைவீதிக்காரர்தானே. நான் எழுந்திருக்கவே இல்லை, அதற்குள் தூரத்தில் புழுதி தெரிந்தது.

அவள் ஓடி வந்துகொண்டிருந்தாள். பாவாடையைத் தூக்கிச் செருகியிருந்தாள், ஒரு பக்கத்து ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது. வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கையெல்லாம் வியர்வை.

"இன்னாடி, இன்னும் இங்கியே உக்காந்துட்டு இருக்குற?"

அவளுக்குப் பின்னால் வெகுநேரம் கழித்து அவள் அப்பா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். மகளைப் பார்த்தார், மதகைப் பார்த்தார், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வகுப்பு கடைவீதியில் ஆரம்பித்தது. அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் பின்னும் பள்ளிக்கூடம் போனதில்லை. ஒன்பது நாள்தான். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது, சீக்கிரமே இருட்டியது. பெண்பிள்ளையை இரண்டு மைல் இருட்டில் அனுப்ப முடியாது என்று அவளை நிறுத்திவிட்டார்கள். பலகையில் அவள் இடத்தில் என் பையை வைத்து, யாரையும் உட்காரவிடாமல் வருஷம் முழுக்கப் பார்த்துக்கொண்டேன். இன்றைக்கும் பஸ் அந்த மதகைத் தாண்டும்போது, இறங்கிக் கோட்டைப் பக்கமாக ஓட வேண்டும் போலிருக்கும். ஓடி யாரைப் பார்ப்பது? அவள் இப்போது எந்த ஊரில் இருக்கிறாளோ, எனக்குத் தெரியாது.

அந்தப் பொங்கல் சந்தைக்கு அவள் வந்திருந்தாள். மூட்டைமேல் உட்கார்ந்திருந்தபோது, ரொம்ப நாளாக மனசில் இருந்ததைக் கேட்டேன். உன் அப்பா உன்னை மெதுவாக நடக்கச் சொல்லி அனுப்பவில்லையா?

"சொன்னாரே," என்றாள், காலை ஆட்டிக்கொண்டே. "எதிர்ல வர்றது நீதான்னும் சொன்னாரு."

சரியான பைத்தியம்டி நீ என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள், அடுத்த கணக்கைச் சொல்லச் சொன்னாள். அவளைவிட நான்தான் கெட்டிக்காரி என்று அன்றைக்கு முதல் தடவையாக நினைத்துக்கொண்டேன்.