அடிவீரா பஸ் ஏறவில்லை

நெத்திலி பொரித்துக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து அந்த இசை வந்தது. கரண்டியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல், எண்ணெய் சொட்டச் சொட்டப் போய் நின்றேன். மகள் சோபாவில் தலை கீழே தொங்க, கால் மேலே கிடக்க டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் சிவப்பு முகமூடி, கிழிந்த மேலங்கி. சின்ன வயதுக்குப் பிறகு நான் பார்க்கவே பார்க்காத ஆள்.

"ஓல்ட் கார்ட்டூன்மா. ஆனா ஓகே லா," என்றாள். ஆறு வயதுக்காரியின் நற்சான்றிதழ்.

எங்கள் காலத்தில் அனிமே என்ற சொல் எங்கள் ஊரான ரெங்கம் வரை வந்திருக்கவில்லை. ஜப்பான் கார்ட்டூன், அவ்வளவுதான். மலாய்க் குரல் கொடுத்து வாரம் ஒருநாள் சாயங்காலம் போடுவார்கள். தொடக்கத்தில் ஒரு கும்பல் 'அடிவீரா, அடிவீரா' என்று கத்தும். மலாயில் அதற்கு மாவீரன் என்று அர்த்தம் என்பது இடைநிலைப் பள்ளிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியும். தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த எனக்கு அது சுத்தத் தமிழாகவே கேட்டது. அடி வாங்குகிற வீரன், அடிவீரன். பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது. கடலிலிருந்து ஏதாவது ஒன்று கிளம்பி வந்து அரை மணி நேரம் அவனைத் துவைக்கும். கடைசி இரண்டு நிமிடத்தில் எப்படியோ ஜெயித்துவிடுவான்.

ஒரே ஒரு வாரம் ஜெயிக்கவில்லை. மகள் பார்த்துக்கொண்டிருந்தது அந்த வாரத்துக் கதையைத்தான். எரிகிற துறைமுகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். இது ஆறு வயதுப் பிள்ளை பார்க்கக்கூடியதா? பாதியில் நிறுத்தினால் அது வேறு மனதில் தங்கிவிடுமோ? குழந்தை வளர்ப்புக் கட்டுரைகளில் இரண்டு கட்சிக்கும் ஆதாரம் உண்டு, நான் இரண்டையும் படித்திருக்கிறேன். கணவரைக் கேட்டிருப்பேன். அவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். கேட்டாலும் "பாக்கட்டும் விடு" என்பார், அதற்கு நான் இன்னும் கொஞ்சம் கவலைப்படுவேன். அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அம்மா, டிவிய பாரு. ஏன் என்னையே பாக்கற?"

இதே வார்த்தையை, இதே காட்சியின்போது, என்னிடம் இன்னொருத்தி சொல்லியிருக்கிறாள். என் சித்தி.

சித்தி அம்மாவின் தங்கை. இப்போது பொந்தியானில் பள்ளி வேன் ஓட்டுகிறாள். அப்போது எங்களோடு ரெங்கத்தில் இருந்துகொண்டு கையுறைத் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வேலை முடிந்து வந்தால் அவள் விரல்களில் வெள்ளை மாவு படிந்திருக்கும், ரப்பர் வாசம் வரும். அந்த விரலால் என் மூக்கில் ஒரு பொட்டு வைப்பாள். எனக்குத் தும்மல் வரும். இன்றைக்கும் கிளினிக்கில் நர்ஸ் கையுறை மாட்டினால் மூக்கு அரிக்கிறது. ஊசிக்குப் பயப்படுகிறேன் என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அதுவும் உண்மைதான்.

சித்திக்கு நிச்சயமாகி, பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. மாப்பிள்ளை வீடு பாலோவில். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள், தேநீரைத் தொடாமல் ஏதோ பேசினார்கள், போனார்கள். காரணத்தை என்னிடம் யாரும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்கார அத்தை, மக்சிக் என்போம், வேலியோரம் நின்று அம்மாவிடம் மெதுவாக, "புத்துஸ் துனாங்?" என்று கேட்டாள். நிச்சயம் அறுந்துபோனதா என்று அர்த்தம். புத்துஸ் என்றால் அறுந்துபோவது என்று அன்றைக்கு நான் கற்றுக்கொண்டேன்.

அதன்பிறகு சித்தி வேலைக்குப் போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். செம்பனை எண்ணெய் ஆலையின் புளித்த வாடை சாயங்காலமானால் எங்கள் தாமான் குடியிருப்புக்குள் இறங்கும். எல்லோரும் ஜன்னலைச் சாத்துவோம். சித்தி படுத்திருந்த அறையின் ஜன்னல் மட்டும் திறந்தே கிடக்கும். அந்த வாடைகூட அவளுக்கு எட்டவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அம்மாவின் பயம் வேறு. எங்கள் வீட்டு வரிசையில் அதற்குமுன் ஓர் அக்கா, கல்யாணம் நின்றுபோனதும், உயிரை விட்டிருந்தாள். பெரியவர்கள் திடீரென்று குரலைத் தாழ்த்தினால் அந்த அக்காவைப் பற்றித்தான் பேச்சு. அம்மா என்னைக் கோழிக்கூட்டின் பக்கம் கூட்டிப்போய், "சித்தி எங்க போனாலும் கூடவே போ. கண்ண எடுக்காத. ஏன்னு கேட்டா விளையாடுறேன்னு சொல்லு," என்றாள்.

நான் சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை. சித்தி குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, தண்ணீர்ச் சத்தம் நின்றதும் "சித்தி" என்பேன். உள்ளேயிருந்து "ம்" வரும். மறுபடி "சித்தி." மறுபடி "ம்." ஒருநாள் கதவைத் திறந்து, தலையில் துண்டோடு என்னைக் குனிந்து பார்த்தாள். "என்னடி, போலீஸ் வேலைக்குச் சேர்ந்துட்டியா?"

"விளையாடுறேன்."

"நல்ல விளையாட்டு," என்றாள்.

வாரத்தில் ஒருமுறை மட்டும் தானாக எழுந்து வருவாள், அடிவீராவுக்காக. தேங்காய்ப்பூ பிஸ்கட்டும் தேநீருமாக என்னோடு தரையில் உட்காருவாள். கார்ட்டூன் ஓடுகிறவரை அவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அதற்காகத்தான் வந்தாள் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த வாரம் அடிவீரா தோற்றான். துறைமுகம் எரிந்தது. நகரத்து ஜனமெல்லாம் பஸ் பஸ்ஸாக ஊரை விட்டுப் போனது. இதுவரை எனக்குத் தெரியும். அதன்பிறகு திரையில் என்ன நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். நான் சித்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிவி வெளிச்சம் அதில் நீலமாக ஆடியது. கையிலிருந்த பிஸ்கட் தேநீருக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது. டிவியில் அடிவீராவின் குரல், "புத்துஸ் அசா" என்றது.

"சித்தி, அப்படின்னா?"

"டிவிய பாரு. ஏன் என்னையே பாக்கற?"

"அப்படின்னா என்ன சொல்லு. ஆசை அறுந்துபோச்சா?"

அசா என்றால் நம்பிக்கை. எனக்கு அது ஆசை என்று கேட்டது. நான் விடவில்லை. "உனக்கு நிச்சயம் அறுந்த மாதிரி, அவனுக்கு ஆசை அறுந்துபோச்சா?"

பிஸ்கட் உடைந்து தேநீரில் விழுந்தது. டிவியில் ஒரு பஸ் வந்து நிற்கிற சத்தம். டிரைவர் அலுத்துப்போன குரலில், "நாயெக் கெ தா?" என்றான். ஏறுகிறாயா இல்லையா என்று. பிறகு மழைச் சத்தம் மட்டும்.

"ஏறிட்டானா சித்தி?"

என் முகத்தைப் பார்த்தாள். "ஏறல," என்றாள். பிறகு ஒரு விரலைத் தேநீருக்குள் விட்டு, ஊறிய பிஸ்கட்டைத் துழாவி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "எனக்கு நிச்சயம் மட்டுந்தான் புத்துஸ். வேற ஒண்ணும் அறுந்துபோகல. போ, உங்கம்மாகிட்ட போயி சொல்லு."

ஓடினேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "சித்திக்கு ஆசை அறுந்துபோகலயாம்," என்றேன். அம்மா குழாயை மூடிவிட்டு, கழுநீரில் கையை விட்டபடியே நின்றாள். காவல் போதும் என்று சொன்னாள். சித்தி அடுத்த மாதம் வேலைக்குப் போனாள். நான்தான் காவலை விடவில்லை. மகள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று விரல் வைத்துப் பார்ப்பதும், பாலர் பள்ளி வாசலில் தேவைக்கு மேல் நிற்பதும் அந்தக் குளியலறைக் கதவோரம் தொடங்கிய பழக்கம் என்று நினைக்கிறேன்.

ஆக, எனக்கு மிகவும் பிடித்த காட்சி எது என்று கேட்டால், ஒரு பிஸ்கட் தேநீரில் விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அந்தக் கதையின் மற்ற அழகையெல்லாம் மகளோடு உட்கார்ந்துதான் முதன்முதலாகப் பார்த்தேன். கழற்றிவைத்த முகமூடி மல்லாந்து கிடக்க, கண் துளை வரைக்கும் மழைநீர் நிறைகிறது. அவன் சட்டைப் பொத்தானை ஒரு துளை மாற்றிப் போட்டுக்கொள்கிறான். முகமூடி இல்லாததால் யாருக்கும் அவனை அடையாளம் தெரியவில்லை. பஸ் வருகிறது. டிரைவர் கேட்கிறான்.

ஏறிவிட்டான்.

ஆமாம், ஏறிவிட்டான். ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்கிறான். பஸ் போகிறது. அதோடு அந்த வாரத்துக் கதை முடிகிறது. திரும்பி வந்து ஜெயிப்பதெல்லாம் அடுத்ததில். அதை மகளின் டிவி ஐந்து நொடிகூடப் பொறுக்காமல் தானே போட ஆரம்பித்துவிட்டது. அந்தக் காலத்தில் எங்களுக்கு அடுத்த வாரம் மின்சாரம் இல்லாமல் போய், நான் அதைப் பார்க்கவேயில்லை.

சித்தியைப் போனில் கூப்பிட்டேன். பள்ளி வாசலில் வேனை நிறுத்திக் காத்திருந்தாள்.

"அவன் ஏறிட்டான் சித்தி."

"எவன்டி?"

"அடிவீரா. நீ ஏறலன்னு சொன்னியே."

வேன் எஞ்சின் சத்தத்துக்கு மேலாகச் சிரித்தாள். "அவன் ஏறினதை நானும் பாத்தேன். நீ கண்ணு கொட்டாம உக்காந்திருந்த. அந்த மூஞ்சிகிட்ட வேற என்னத்த சொல்றது?"

அப்படியென்றால் மற்றதும் என் முகத்துக்காகச் சொன்னதுதானா? வேறு ஒன்றும் அறுந்துபோகவில்லை என்றாளே, அதுவும்? கேட்க வாயெடுத்தேன். அங்கே பள்ளி மணி அடித்தது. "பசங்க வர்றாங்க, வைக்கிறேன். நீ சாப்பிட்டியா? போயி சாப்பிடு," என்றாள். கேட்காதது நல்லது என்று ஒரு மனம் சொல்கிறது. கேட்டிருக்கலாம் என்று இன்னொன்று.

மலாய்க் குரலில் இன்னொரு தடவை பார்க்கலாமென்று டிவியில் மொழிப் பட்டியலைத் திறந்தேன். ஆங்கிலம் இருக்கிறது, ஜப்பானியம் இருக்கிறது, கொரிய மொழிகூட இருக்கிறது. மலாய் இல்லை. மறுநாள் எங்கெங்கோ தேடினேன். அந்த அலுத்துப்போன டிரைவரின் குரல் எங்கேயும் இல்லை. ரெங்கத்து வீட்டை எப்போதோ விற்றுவிட்டோம்.

"அடிவீரா, அடிவீரா," என்று பாத்திரம் கழுவிக்கொண்டே பாடியிருக்கிறேன் போலிருக்கிறது. மகள் வந்து நின்றாள்.

"யாரும்மா அது?"

"நீ பாத்தியே, சிவப்பு முகமூடி."

"அவன் பேரு அது இல்லம்மா," என்றாள் பொறுமையாக.