பேர் சொல்லக் கூடாத குன்று: பேரிகைப் பக்கம் ஒரு பனிக்காலைப் பயணம்

நாங்கள் ஓராண்டாகப் போய்வந்த பன்னிரண்டு பயணங்களில் இது கடைசி. ஜனவரி மாதம், இரண்டாம் ஞாயிறு. இந்தப் பயணங்கள் தொடங்கியதற்குக் காரணம் என் மனைவி ரீட்டாவின் தூக்கம். ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். மாதத்தின் இரண்டாம் வாரம் அவளுக்கு இரவு ஷிப்ட். சனிக்கிழமை இரவு போனால் ஞாயிறு காலை ஆறரைக்குத்தான் திரும்புவாள். மத்திகிரியில் எங்கள் வாடகை வீட்டில் இரண்டே அறைகள். அவள் பதினொரு மணிவரை தூங்க வேண்டுமென்றால் நானும் பதினொரு வயது மகள் ஜோவிதாவும் வெளியே இருந்தாக வேண்டும்.

இருபத்தாறு ஆண்டுகள் செய்தியாளனாக இருந்துவிட்டு, போன ஆண்டுதான் வேலையை விட்டு நாவல் எழுத உட்கார்ந்தேன். அதிகாலை நான்கு முதல் ஏழு வரை எழுத்து, அதன்பின் பள்ளி, சமையல், துணி. இதற்கிடையில் மாதம் ஒரு மலையோ ஏரியோ. காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் பொருந்தியது. முதல் பயணத்தில், பாரூர் ஏரிக்கரையில் உட்கார்ந்து நாற்பது நிமிடம் குறிப்பெழுதினேன். ஜோவி தண்ணீரில் கல் எறிந்துகொண்டிருந்தாள். திரும்பும்போது சொன்னாள்: "நீ என்கூட வரலப்பா. உன் நோட்டுகூட வந்த. இன்னொரு தடவ எழுதினா நான் வரமாட்டேன்."

அதன்பின் பத்துப் பயணங்களுக்கு நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். பன்னிரண்டாவதற்கு மட்டும் ஜெர்க்கினின் உள்பையில் மறைத்து எடுத்துக்கொண்டேன். நாவலின் கடைசி அத்தியாயத்துக்குப் பனி மூடிய ஒரு குன்று தேவைப்பட்டது. இரண்டு மாதமாக அந்தக் காட்சி எழுத்தில் வரவில்லை.

காலை 5.20க்கு டூவீலரில் கிளம்பினோம். ஓசூர், பாகலூர் வழியாகப் பேரிகைக்கு என் வண்டி மீட்டரில் 31 கிலோமீட்டர். பனியில் முப்பதுக்கு மேல் ஓட்ட முடியாமல் 6.35க்குத்தான் போய்ச் சேர்ந்தோம். பாகலூர் தாண்டியதும் எதிரே ஒரு கம்பெனி பஸ் வந்தது. உள்விளக்குகள் எரிந்தன. தலைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து தூங்கின. கடந்து போனபோது அதன் சத்தம்கூட எங்களுக்குக் கேட்கவில்லை.

பேரிகையில் டீ, பால், இரண்டு பன், நாற்பத்தைந்து ரூபாய். கடைக்காரர் தெலுங்கில் ஏதோ கேட்டு, நான் விழிப்பதைப் பார்த்துத் தமிழுக்கு வந்தார்.

"பாண்டவர் வீட்டுக்கா? இந்தப் பனியிலயா சார்? பாப்பாவ வேற கூட்டிக்கினு."

"இப்பன்னா கூட்டம் இருக்காதுல்ல."

"எப்பவுமே இருக்காது சார்," என்றார் சிரிக்காமல்.

பாண்டவர் வீடு என்று இங்கே சொல்வது பழங்காலத்து ஈமக் கல்லறைகளை. நான்கு பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பலகையை மூடியிருப்பார்கள். ஒரு பக்கக் கல்லில் மட்டும் ஆள் நுழையும் அளவுக்கு வட்டத் துளை. சூளகிரி சாலையில் நான்கு கிலோமீட்டர் போய், இடப்புற மண் பாதையில் ஒன்றரை கிலோமீட்டர் போனால் அடிவாரம். வண்டியைப் புளியமரத்தடியில் விட்டோம். அங்கே நாற்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு நின்றார்.

"எந்தூருங்க?"

"மத்திகிரி."

"மாட்டுப்பண்ணை பக்கமா? சரி, போங்க. மேல போனா அந்தாண்ட பக்கம் போவாதீங்க. கல்லு வெட்டி வுட்ட குழி, தண்ணி நிக்குது. வேலி கெடையாது. அப்புறம், பாப்பாவ பேர் சொல்லிக் கூப்புடாதீங்க. ரெண்டு தட்டுத் தட்டுங்க, கையில. அவளும் ரெண்டு தட்டட்டும்."

"ஏங்க பேர் சொல்லக்கூடாது?"

"ஒருக்கா கேட்டா கத்துக்கும்ங்க."

"எது?"

"அதத்தான் கேக்காதீங்கன்றேன். என் ஆட்டுக்கே மேல போனா பேர் கெடையாது."

ஜோவிக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. "உங்க பேர் என்னக்கா?" என்றாள்.

"கெட்டிக்காரி! கீழ எறங்கி வா, சொல்றேன்," என்று அவர் சிரித்தார்.

அவர் முதுகைத் திருப்பியதும் நோட்டை எடுத்து, அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதினேன். ஜோவி பார்த்தாள். முன்னால் நடந்தாள். "ஜோவி, பாத்து, கல்லு வழுக்கும்," என்று நான் கத்தினேன். எழுதி முடித்த மை காய்ந்திருக்காது.

ஏற்றம் பதினைந்து நிமிடம். உச்சி கிட்டத்தட்டச் சமதளம். பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. கல்வீடுகள் ஒவ்வொன்றாகப் பனிக்குள்ளிருந்து வந்தன. எட்டு எண்ணினேன். துளைகள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்தன. பறவைச் சத்தம் இல்லை. நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சல் இவ்வளவு தூரம் கேட்கக் கூடாது. ஆனால் கேட்டது, காலுக்கடியிலிருந்து வருவதைப்போல.

7.22க்கு ஒரு கல்லில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். ஐந்து நிமிடம்தான் என்று நினைத்தேன். ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் நேரம் போடுவது பழைய செய்தியாளர் பழக்கம்; கடைசி வரி 7.33. நிமிர்ந்தபோது ஜோவி இல்லை.

"ஜோவி!" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. என் குரல் வேறு திசையிலிருந்து, கொஞ்சம் தாமதமாக, என்னிடமே திரும்பி வந்தது. கல்குழி இருந்த பக்கம் அது. மறுபடி கூப்பிட்டேன். மூன்றாம் முறை குரல் உடைந்தது. எழுந்து எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியவில்லை. ஓரடி வைத்தாலும் வந்த திசை மறந்துவிடும் என்று பட்டது. கையில் நோட்டு திறந்தே இருந்தது. ஏன் என்று தெரியாமல் முந்தைய பக்கத்தைப் புரட்டினேன். என் கையெழுத்தில் இருந்தது: "பாப்பாவ பேர் சொல்லிக் கூப்புடாதீங்க. ரெண்டு தட்டுத் தட்டுங்க."

எழுதிவிட்டால் ஒரு விஷயம் முடிந்துவிட்டது என்று நினைப்பது என் தொழிலின் பழக்கம். கேட்டதைக் குறித்துக்கொள்ளத் தெரியும், கேட்டபடி நடக்கத் தெரியாது.

நோட்டைக் கீழே போட்டுவிட்டு இரண்டு முறை கை தட்டினேன்.

எட்டடி தூரத்துக் கல்வீட்டுக்குள்ளிருந்து இரண்டு தட்டு வந்தது. துளை வழியாக முதலில் அவள் கைகள் வந்தன, பிறகு முகம். அழவில்லை. உதடு மட்டும் வெளுத்திருந்தது.

"கூப்பிட்டது கேக்கலையா கண்ணு?"

"கேட்டுது. நீதான் தட்டவே இல்லையே."

அவளை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் கேட்டாள்: "மொதல்ல ஏம்ப்பா குழிப் பக்கத்துலேர்ந்து கூப்பிட்ட?"

"அது எதிரொலி. மூணு தடவயும் இங்கேர்ந்துதான் கூப்பிட்டேன்."

"மூணு இல்லப்பா, நாலு. நான் உள்ள நுழைஞ்ச ஒடனே ஒண்ணு. 'ஜோவி, வா'ன்னு மெதுவா. போலாம்னு தலைய வெளிய நீட்டினேன். அப்புறம் அந்தக்கா சொன்னது ஞாபகம் வந்துச்சு." கையிலிருந்த வாட்சைக் காட்டினாள். "மணி பாத்தேன். ஏழு இருபத்தாறு."

நோட்டைப் பார்த்தேன். 7.26க்கு நான் மூன்றாவது கல்லின் பாசியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. கீழே யாராவது பேசியது பனியில் அப்படிக் கேட்டிருக்கலாம். கேட்ட பெயர் அவளுடையது என்பதுதான் இடிக்கிறது.

கை கோத்தபடி இறங்கினோம். புளியமரத்தடியில் ஆடுகளும் இல்லை, அந்தப் பெண்ணும் இல்லை. பேர் கேட்க முடியாமல் போனதில் ஜோவிக்கு வருத்தம். 10.50க்கு வீடு. எழுந்த ரீட்டாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நோட்டை எடுத்துப்போனது உட்பட. அவள் மகளின் தலையைத் தடவிக்கொண்டே, "எழுதினது நல்லா வந்துச்சா?" என்றாள். அந்தப் பக்கங்களை நாவலில் சேர்க்கவில்லை.

போக விரும்புகிறவர்களுக்கு: டிசம்பர், ஜனவரியில் ஒன்பது மணிக்குமுன் ஏறாதீர்கள். மேலே தண்ணீர் கிடையாது, செல்போன் சிக்னல் விட்டுவிட்டு வரும். கல்வீடுகளின் மேல் ஏறி நிற்காதீர்கள். கிழக்குப் பக்கக் குழியை வெயிலில் பார்த்துவையுங்கள், விளிம்பு புல்லோடு சமமாக இருக்கிறது. குழந்தையோடு போனால் குழந்தையோடு மட்டும் போங்கள். அந்த ஊர்க்காரர்கள் ஒன்று சொன்னால் எழுதிக்கொள்ள வேண்டாம், செய்யுங்கள்.

பிப்ரவரிக்கு எங்கே போகலாம் என்று போன வாரம் ஜோவியிடம் கேட்டேன். "யோசிக்கறேன்," என்றாள். இன்னும் யோசிக்கிறாள். வீட்டில் சாப்பிடப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் இப்போதெல்லாம் அவள் வருவதில்லை. அடுத்த அறையில்தான் இருப்பாள், மூச்சுச் சத்தம்கூடக் கேட்கும். அடுப்படியில் நின்று நான் இரண்டு முறை கை தட்ட வேண்டும்.

பிறகு அவள் தட்டும்வரை நானும் நின்ற இடத்திலேயே காத்திருக்கிறேன்.