பின்னால் அடித்த ஹோர்ன்

நோர்வூட்டிலிருந்து கொழும்புக்குத் தேயிலை ஏற்றும் லொறி சாரதி நான். அப்போது இருந்த கொம்பனியில் நடைக் கணக்கில்தான் சம்பளம். பிந்தினால் அடுத்த நடை வேறொருவருக்குப் போய்விடும். அதனால் வழியில் நிறுத்தவே மாட்டோம்.

அன்று கினிகத்தேனை இறக்கத்தில் நல்ல பனிமூட்டம். பின்னால் ஒரு மரக்கறி லொறி விடாமல் ஹோர்ன் அடித்தது. வழி கேட்கிறான் என்று நினைத்தேன். "உனக்கு மட்டுந்தான் அவசரமா?" என்று திட்டிக்கொண்டே, விலகாமல் ஓட்டினேன்.

ரோடு அகன்ற இடத்தில் அது முந்திப் போய், மெதுவாகி, என் முன்னால் குறுக்கே நின்றது. சண்டைக்கென்றே இறங்கினேன்.

"தம்பி, பின் டயரைப் பாருங்க! எவ்வளவு நேரமா ஹோர்ன் அடிக்கிறேன்?" என்றார் அந்த லொறியை ஓட்டி வந்த ராகலை ஊர்க்காரர்.

பிரேக் தீய்ந்து புகைந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் தெரிந்த புகையை நான் பனிமூட்டம் என்றே நினைத்திருந்தேன். பெரிய வளைவுகள் இனிமேல்தான் இருந்தன.

டயருக்குக் கல் வைத்துவிட்டு அவரும் என்னோடு உட்கார்ந்தார்.

"நீங்க போங்கண்ணே, மரக்கறி வாடிரும்."

அவர் போனை எடுத்தார். "முதலாளி, வழியில ஒரு லொறிக்குப் பிரேக் சூடு. ஆறுனதும் வர்றேன்."

"சரி, பார்த்து வாங்க" என்ற பதில் எனக்கும் கேட்டது. என் கொம்பனியில் அப்படியொரு வார்த்தையை நான் கேட்டதேயில்லை.

"எங்க முதலாளி டிரைவர் தேடுறாரு. பேசட்டுமா?" என்றார்.

இன்று நானும் அங்கேதான். முன்னால் போகும் லொறியில் புகை கண்டால் ஹோர்ன் அடிக்கிறேன். உள்ளே இருப்பவன் என்னைத் திட்டுவான் என்று தெரியும். திட்டட்டும் என்று அடித்துக்கொண்டே போகிறேன்.